செதில் வரிசை

கட்டரின் பற்களுக்கிடையே அலுமினியம் அப்பிக்கொண்டதைப் பார்த்ததும் பூங்கொடி மில்லிங் மிஷினை நிறுத்தினாள். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து எடுப்பதற்குள் அம்மா பட்டறைக் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏன்டி நிறுத்திட்ட? அப்பா கண்ணத் தொறந்து பாக்குறாங்க."

"கட்டர் அடைச்சிக்கிச்சும்மா. இதோ போடுறேன்."

"சட்டுனு போடு. சத்தம் இல்லன்னா அவங்களுக்கு இருப்புக் கொள்ளல."

இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது அப்பா வைத்திலிங்கம் கேட்டது ஒன்றைத்தான். கட்டிலைக் கொட்டகைப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போட வேண்டும். போட்டார்கள். சோறு இறங்கவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் மிஷின் ஓடும்போதெல்லாம் அவர் முகம் தளர்ந்து லேசாகும். நின்றால் நெற்றி சுருங்கும்.

மிஷின் மேசையில், வைஸ் இடுக்கியில் பிடித்திருந்தது ஒரு மார்க்கரின் உடம்பு. பிரான்சில் சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டுத் துப்பாக்கிக்கு மார்க்கர் என்று பெயர். சுனாமிக்கு அடுத்த வருஷம் அங்கிருந்து ஊருக்கு வந்த அத்தை மகன் சிவபாலன் தன்னுடையதைக் கழற்றிக் காட்டி, "மாமா, இதுல எடை கொறைச்சு, பாக்க அழகா எதாவது குடைஞ்சு தர முடியுமா?" என்று கேட்டான். அதுவரை போட் எஞ்சின் பாகங்களையே கடைந்துகொண்டிருந்த அப்பா, வெள்ளை வெளேரென்ற அந்த அலுமினியக் கட்டியைக் கையில் வாங்கிய விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. சிவபாலனுடைய கூட்டாளிகள், கூட்டாளிகளின் கூட்டாளிகள் என்று பார்சல்கள் வர ஆரம்பித்தன. பாலிடெக்னிக் முடித்திருந்த பூங்கொடியும் கூடச் சேர்ந்துகொண்டாள். யார் முதலில் கொட்டகைக்கு வருகிறார்களோ அன்றைக்கு மிஷின் அவர்களுடையது. அதற்காகவே அப்பா சில நாள் பல் துலக்காமல் ஓடி வருவார்.

இந்த மார்க்கருக்கு உரியவன் டிசைனை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தான். படுக்கையில் விழும் முன் அப்பா கொடுவா மீனின் செதிலை வரைந்திருந்தார்.

"மீன் செதில வச்சிக்கிட்டு வெளாடுவானாப்பா அவன்?"

"வெயில்ல புடிச்சுப் பாக்கட்டும். அப்புறம் சொல்லுவான்."

உருண்டை முனைக் கட்டரை ஒருமுறை தொட்டு எடுத்தால் ஒரு செதில். வரிசை முடிந்ததும் மேசையைப் பின்னுக்கு இழுத்து, கொஞ்சம் தள்ளி அடுத்த வரிசை. பூங்கொடி மறுபடி மிஷினைப் போட்டாள். ஜன்னல் வழியாக அப்பாவின் கை மட்டும் தெரிந்தது. போர்வைக்கு மேல் ஆள்காட்டி விரல் மெல்ல வட்டமடித்தது. மிஷின் கைப்பிடியைச் சுற்றுகிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போலீஸ் வந்த நாள் நினைவில் ஓடியது. இங்கே கோவில்பத்தில் ஒரு வீட்டில் துப்பாக்கி செய்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். ஏட்டு ஒருவர் வந்து, மார்க்கர்களைத் தூர நின்றே பார்த்தார். இதில் வருவது சாயம்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அப்பா சட்டென்று பின்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "நீங்களே என்னச் சுட்டுப் பாருங்க சார்" என்றார். சிவபாலன் விட்டுப்போன மார்க்கரைக் கையில் வாங்கிக்கொண்டு ஏட்டு விழித்தார். குறுக்கே வந்தது அம்மாதான். "குடுங்க இப்புடி" என்று பிடுங்கி, ஒரு கண்ணை மூடி, அப்பாவின் நெஞ்சிலேயே சுட்டுவிட்டாள். பனியன் முழுக்க மஞ்சள். ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீ குடித்துவிட்டுத்தான் போனார். கன்றிப்போன நெஞ்சை அப்பா வருவோர் போவோருக்கெல்லாம் திறந்து காட்டி, "பங்கஜவல்லி சுட்டது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மார்க்கரின் கீழ்ப்பக்க வளைவில் கை நடுங்கக்கூடாது. பூங்கொடி குனிந்து, கண்ணை எடுக்காமல் வேலை செய்தாள். நடுவில் அம்மா ஜன்னலில் வந்து நின்றது போலிருந்தது. நிமிர்ந்தபோது இல்லை. கடைசி வரிசையின் கடைசிச் செதிலைத் தொட்டு எடுத்து மிஷினை நிறுத்தினாள். கந்தலில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். கொடுவாதான்.

அப்பாவிடம் காட்ட அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கை அவள் மடியில் இருந்தது.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிதும்மா. அப்பாட்ட…"

அம்மா தலையை மட்டும் அசைத்தாள். பூங்கொடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மூடப்பட்டிருந்தன.

"எப்பம்மா?"

"இப்பத்தான். கடைசி வரிசைக்கு முந்துன வரிசையில மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அப்புறமும் வெரலு சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

"ஜன்னலுக்கு வந்தியே, என்னக் கூப்புட்டிருக்கலாம்ல?"

"கூப்புடத்தான் வந்தேன்." அம்மா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். "நீ ஓடி வந்திருப்ப. சத்தம் நின்னுருக்கும்."

பூங்கொடிக்கு வந்தது அழுகை மட்டுமில்லை. பத்தடி தூரத்தில், குனிந்த தலை நிமிராமல் நின்றிருக்கிறாள். ஒரு வாய் தண்ணீர் ஊற்றவில்லை. அப்பா என்று ஒரு தடவை கூப்பிடவில்லை. மார்க்கரைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு மற்றவர்களுடையதாகிவிட்டது. நிரவியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள். அப்பாவைக் குளிப்பாட்டும்போது விரல்நுனிகளின் கறுப்பு போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கப் போன ஒருவரை, "இருக்கட்டும், விடுங்க" என்று அம்மா தடுத்தாள். தனக்கும் அதே வார்த்தை நாக்கு வரை வந்ததைப் பூங்கொடி உணர்ந்தாள். ஆனாலும் அம்மா பக்கம் திரும்பவில்லை. அம்மா தோளைத் தொட வந்தபோது குடத்தை எடுக்கிற சாக்கில் விலகினாள். கொள்ளி வைக்கப் பூங்கொடியின் கணவன் கலைவாணன் மருமகனாய் முன்னே நடந்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். பறைச் சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்துபோகும்வரை அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கமாக நின்றிருந்தார்கள்.

திரும்பி வந்து தலைமுழுகியபின் பக்கத்து வீட்டு ஆஸியா பீவி தூக்குச் சட்டியோடு உள்ளே வந்தாள். பாயை விரித்து அம்மாவை உட்காரவைத்து, தட்டில் இட்லியும் சட்னியும் வைத்தாள்.

"ரெண்டு வாயாச்சும் தின்னு பங்கஜம். காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல நீ. புள்ளைக்கும் வைக்கிறேன். வா பூங்கொடி."

"எனக்கு வேணாம் மாமி."

அப்போது செல்போன் அடித்தது. பிரான்சிலிருந்து சிவபாலன். பேச ஆரம்பித்ததுமே உடைந்து அழுதான். அவன் அழுது ஓயும்வரை பூங்கொடி சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்.

"பூங்கொடி… மாமா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லத்தான். தூங்குற மாதிரிதான் போனாங்க."

"கடைசி நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா?"

இட்லியைப் பிட்ட அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. போனில் வந்த குரல் அறை முழுவதும் கேட்டிருந்தது. பூங்கொடி அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். ஈரத் தலை, பொட்டில்லாத நெற்றி, தூங்காமல் வீங்கிய இமைகள். இத்தனை நாளும் அந்தக் கட்டில் காலில் சாய்ந்தே கண்ணயர்ந்தவள்.

"நாங்க ரெண்டு பேரும் இருந்தோம் அத்தான்" என்றாள்.

பேசி முடித்துப் போனை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அம்மா தலை நிமிரவில்லை. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, பாயில் இடம் விட்டாள். பூங்கொடி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆஸியா பீவி இன்னொரு தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

அம்மா தன் தட்டிலிருந்த சட்னியில் பாதியை விரலால் வழித்து மகளுடைய தட்டில் போட்டாள்.