வெந்நீர்க் குளத்துக்கான ஏற்பாடு

வருகிற மாசியில் எட்டுப் பெண்களை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போவது நானா கொட்வினா என்பது எங்கள் ஆசிரியையின் கையில் இல்லை. கபோ சந்தையில் ஒலிவ்காய் விற்கும் இத்தாலியப் பெண் சிஞ்ஞோரா கலோஜெராவின் கையில் இருந்தது.

நகரத்தின் சீசாப் பகுதியில் மாலை நேரத்தில் நடக்கும் சுற்றுலா வகுப்பில் நாங்கள் இருவர்தான் தமிழர். பகலில் நான் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். கொட்வின் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். இந்த வருடம் இறுதிச் சோதனைக்கு உண்மையான பயணிகளையே பிடித்துத் தந்துவிட்டார்கள். ஒரு தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த எட்டுப் பெண்கள் வருடாவருடம் சேர்ந்து எங்காவது போகிறவர்கள். இம்முறை நடுக் குளிர்காலத்தில் ஜப்பானைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். வகுப்பில் கடைசிவரை நின்றவை இரண்டு திட்டங்கள். ஒன்று கொட்வினுடையது, மற்றது என்னுடையது. எதைப் பெண்கள் தெரிவுசெய்கிறார்களோ, அதைப் போட்டவருக்குப் பயண நிலையத்தில் வேலை. அவர்களோடு துணையாகப் போவதும் அவரே.

எனக்கு அந்த வேலை வேண்டும். என் பெயர் எழுதிய மேசை ஒன்று வேண்டும் என்று நான் நினைப்பதை வேறு யாருக்கும் சொன்னதில்லை.

நான் முதலில் பார்த்தது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் எப்போது வருகிறது என்பதை. தேவாலயத்தில் பாடுகிற பெண்கள் தவக்காலத்தில் உல்லாசப் பயணம் போகமாட்டார்கள். கொட்வின் தன் பயணத்தைச் சரியாகத் தவக்காலத்துக்குள் போட்டிருந்தான். ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டியதும், கத்தோலிக்கனான அவன் தலையில் கை வைத்தான்.

"சைவக்காரி சாம்பல் புதனைப் பாத்திருக்கிறா, வேதக்காரன் நான் மறந்துபோனன். அம்மா கேள்விப்பட்டா என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா."

அதன் பிறகு அவன் நாட்களை மாற்றினானே தவிரத் திட்டத்தை மாற்றவில்லை. தோக்கியோவில் பெரிய ஹோட்டல், உயரக் கோபுரம், குளிர்கால மலிவு விற்பனை. என்னுடைய திட்டம் வடக்கே மலைப்பக்கம் போனது. அங்கே மாசி நடுவில் ஓர் ஊரில் பனியைக் குவித்துக் குடைந்து சின்னச் சின்ன வீடுகள் செய்வார்கள். உள்ளே தண்ணீர்த் தெய்வத்துக்கு ஒரு மாடம், ஒரு கரியடுப்பு. பிள்ளைகள் உள்ளே இருந்துகொண்டு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, சுட்ட அரிசிப் பலகாரமும் இனிப்பான அரிசிப் பானமும் கொடுப்பார்கள். அடுத்த நாள் அங்கிருந்து மலைக்கு ஏறி, பனிக்கு நடுவே ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றில் குளியல். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில், எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று பென்சிலால் குறித்து வைத்தேன். அப்படிச் செய்யாவிட்டால் எனக்கே என்னில் நம்பிக்கை வராது.

பெண்களுக்கு என் திட்டம் பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை கபோவுக்குப் போனேன். கலோஜெரா சந்தை முழுக்கக் கேட்கும் குரலில் விலை கூவிக்கொண்டிருந்தார். எட்டுப் பேர் குழுவில் அவரும் ஒருவர்; அவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

"அந்தச் சுடுதண்ணிக் குளம்," என்றார், கரண்டியால் ஒலிவ்காயை அள்ளியபடி. "எல்லாருக்கும் முன்னாலையோ குளிக்கிறது?"

"பெண்களுக்குத் தனியா இருக்கு, சிஞ்ஞோரா. பெரிய பருத்தித் துணி ஒண்டை நெஞ்சுக்கு மேலாலை சுத்திக் கட்டிக்கொண்டு இறங்கிறதுதான். உங்கள் எட்டுப் பேருக்கும் நானே தைச்சுத் தாறன்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். அவர் மெதுவாகக் கதைத்து நான் கேட்டது அன்றுதான்.

"போன வருசம் எனக்கு ஒப்பரேசன் செய்தவை. இஞ்சையிருந்து இஞ்சை வரைக்கும் வெட்டு. அதுக்குப் பிறகு நான் கடலுக்கே போறேல்லை. துணி கட்டலாம் எண்டா வாறன், பிள்ளை. மற்ற ஏழு பேரையும் நான் பாத்துக்கொள்ளுறன்."

உடனே நிமிர்ந்து, ஒலிவ்காயை ருசி பார்த்தபடியே நின்ற ஓர் ஆளைப் பார்த்து, "என்ன, மத்தியானச் சாப்பாடே முடிஞ்சுதோ?" என்று கத்தினார்.

வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். வழியிலேயே துணி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாளின் தையல் மெஷினில் துணிகளுக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணாவின் மனுசி செல்வமலர் மச்சாள், பக்கத்தில் இறால் உடைத்துக்கொண்டிருந்தா.

"உதென்ன, ஆருக்கு இவ்வளவு சாரம்? கடை போடப்போறியோ?"

விஷயத்தைச் சொன்னேன். மச்சாள் இறாலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"ஜப்பான்காரியளும் எங்களைப் போலை குறுக்குக்கட்டுத்தானோ கட்டுறவை?"

"பின்னை?"

"புத்தகத்திலை போட்டிருக்கோ?"

திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பனிவீட்டுக்குப் பக்க எண் இருந்தது. பஸ்ஸுக்கு இருந்தது. அரிசிப் பலகாரத்துக்குக்கூட இருந்தது. குளியலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கிணற்றடியோ கடலோ, நாலு பேர் இருக்கிற இடத்தில் பெண்கள் குளிப்பதென்றால் குறுக்குக்கட்டோடுதான். அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அது வேறு மாதிரி இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

"குளிக்கிறதுக்கு என்னத்தைப் படிக்கிறது மச்சாள்?"

"நல்ல கேள்வி. இப்ப படி."

நூலகப் புத்தகத்தை விரித்தேன். குளியலுக்கென்றே ஒரு முழுப் பக்கம் இருந்தது. நான் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். முதலில் சின்ன ஸ்டூலில் அமர்ந்து சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். குளத்துக்குள் உடுப்பு எதுவும் கூடாது. துணியைத் தண்ணீரில் படவிடக்கூடாது. கையில் உள்ள சின்னத் துவாயை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம்.

வாசித்துச் சொன்னேன்.

"ஒண்டுமில்லாமலோ?"

"ஓம்."

"தலையிலை மட்டும் துவாயோ? ஐயோ, நல்லூரானே!" மச்சாளுக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "இஞ்சை பார், இப்ப ஒண்டும் சொல்லாதை. வேலையை எடு. அங்கை போனாப்பிறகு அவையே பாத்துக்கொள்ளுவினம். பனிக்குள்ளை நிண்டு ஆர் திரும்பி ஓடுறது? நீ துவாயளைப் பிடிச்சுக்கொண்டு கரையிலை நில்."

அது நடக்கக்கூடிய யோசனைதான். ஆனால் உடுப்பு மாற்றும் அறையில், கையில் என் துணியோடு நிற்கும் கலோஜெராவை நினைத்துப் பார்த்தேன். அங்கே வைத்து நான் அவருக்கு என்ன சொல்லுவேன்? மெஷினை மூடினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, டெலிபோன் கடையிலிருந்து அந்த மலை விடுதிக்கு ஆங்கிலத்தில் ஒரு ஃபக்ஸ் அனுப்பினேன். தனியாகக் குளிக்க இடம் உண்டா, குளத்துத் தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டிருந்தேன். இரண்டாவது கேள்வி பைத்தியக்காரத்தனமோ என்று யோசித்துவிட்டு, அழிக்காமல் விட்டேன். அடுத்த நாளே பதில் வந்தது. உள்ளே பூட்டக்கூடிய சின்ன அறைத் தொட்டி ஒன்று உண்டு. வெளியே பெண்களுக்கான குளத்தின் தண்ணீர் பாலைப் போல வெள்ளை. இறங்கினால் முழங்கால்கூடத் தெரியாது.

அன்று மாலையே பெண்கள் வகுப்புக்கு வந்தார்கள். படியில் கொட்வின் என்னைப் பிடித்தான்.

"கேட்டீரோ, உம்மட பிளானிலை பனியும் பட்டினியும்தான். பாவம், அந்த மனுசியளை ஐஸ் வீட்டுக்குள்ளை குந்த வைக்கப்போறீர்."

"உம்மட பிளானிலை இருக்கிற கடையெல்லாம் இஞ்சையும் இருக்கு."

"இஞ்சை மலிவு விற்பனைக்கு இத்தினை பேர் குனிஞ்சு வணக்கம் சொல்லுவினமோ?"

அவன்தான் முதலில் கதைத்தான். நன்றாகவே கதைத்தான். ஹோட்டல் படங்களைப் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள். பிறகு நான் எழும்பினேன். பனிவீடுகளைப் பற்றித் தாளைப் பாராமலே சொன்னேன். அந்த ஊரை எனக்கு இப்போது எங்கள் தெருவைப் போலத் தெரியும். குளியலுக்கு வந்ததும் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன்.

"இதிலை நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். எங்கட ஆக்கள் குளிக்கிற மாதிரித்தான் அங்கையும் எண்டு நினைச்சிட்டன். அங்கை துணி கட்ட விடாயினம்."

"ஒண்டுமே இல்லாமலோ? மதோன்னா!" என்றார் ஒருவர். "என்ர மனுசனே முப்பது வருசமா என்னை அப்பிடிக் கண்டதில்லை," என்றார் இன்னொருவர். அறை முழுக்கச் சிரிப்பும் சத்தமும். கலோஜெரா மட்டும் சிரிக்கவில்லை. நான் அவரைப் பார்க்காமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். பூட்டுகிற அறைத் தொட்டியைச் சொன்னேன். வெள்ளைத் தண்ணீரைச் சொன்னேன். குளிக்க விருப்பமில்லாதவர்கள் விடுதியின் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து பனி விழுவதைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

கலோஜெரா கையை உயர்த்தினார்.

"பூட்டின அறைக்குள்ளை குளிக்கிறதுக்கு எனக்கு ஜப்பான் வேண்டாம். என்ர வீட்டிலையே ஒரு அறை இருக்கு, பூட்டும் இருக்கு." பிறகு என்னையே பார்த்துக் கேட்டார்: "நீ இறங்குவியோ?"

கரையில் துவாய் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை. ஆனால் நான் இறங்காத தண்ணீரில் அவரை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் செய்தே ஆகவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

"இறங்குவன்."

"முதல் ஆளா?"

"முதல் ஆளா. கழுத்தளவு தண்ணிக்குள்ளை போய் நிண்டு உங்களைக் கூப்பிடுவன். நீங்கள் இறங்கி முடியிறவரைக்கும் மலையைப் பாத்துக்கொண்டு நிப்பன், திரும்பமாட்டன்."

அவர் கதிரையில் திரும்பி, சந்தைக் குரலில் மற்றவர்களிடம் சொன்னார்: "கேட்டனீங்களோ? எல்லாரும் மலையைப் பாக்கவேணும். ரொசாலியா, நீ முக்கியமா!"

"எனக்குக் கண்ணாடி இல்லாட்டி மலையே தெரியாது, உன்னையோ தெரியப்போகுது?" என்றார் ரொசாலியா.

கலோஜெராவின் கைதான் முதலில் எனக்காக எழும்பியது. பிறகு ஐந்து கைகள். இரண்டு பேருக்குத் தோக்கியோதான் விருப்பம். ஆனாலும் குழுவை விட்டுப் பிரியமாட்டோம் என்றார்கள். கொட்வின் எழும்பி வந்து கை தந்தான். "தோக்கியோ முழுக்கக் கட்டியிருந்தன், ஒரு குளத்திலை விழுத்திப்போட்டீர்," என்றான். ஆசிரியை, அடுத்த திங்கட்கிழமை பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரத்தோடும் கடவுச்சீட்டோடும் நிலையத்துக்கு வரச் சொன்னார்.

சந்தோசம்தான். பயமும் இருக்கிறது, ஆனால் அது தாங்கக்கூடிய அளவுதான். ஒன்றுதான் மிச்சம். அந்தக் குளத்தில் நின்றால் மலை எந்தப் பக்கம் தெரியும், படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டும் ஒரே பக்கமாக இருந்தால் என் வாக்குப் பிழைத்துப்போகும். நாளைக்கு விடுதிக்கு எழுதிக் கேட்கவேண்டும்.