தாள் கனத்தில் ஒரு பெண்பிள்ளை

பல் செட் செய்பவர் படிக்காமலேயே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட படக்கதைப் புத்தகத்திலிருந்து, அதன் கதாநாயகி அடுத்த மாதமே இறங்கி நடந்து அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்து வயதுப் பிள்ளை. முழுக்கக் கறுப்பு மையில் வரைந்தது. நேரே பார்த்தால் ஆள், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு. இடது காலில் மாவுக்கட்டு இருந்ததால் வந்து சேர மதியமாகிவிட்டது. வேலை மேசைக்குப் பக்கத்தில், அச்சு வார்க்கும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். தலைக்கு மேல் ஒரு குமிழ் எழும்பி நின்றது. அதற்குள் ‘படிண்ணா’ என்று எழுதியிருந்தது. செட் வாங்கிப்போக வந்த டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, காற்றில் பறந்துவிடப் போகிறாள், சன்னலைச் சாத்துங்கள் என்றார். பிறகு கீழ்வரிசைப் பற்கள் மஞ்சளடிப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

தாங்களே வரைந்து தாங்களே அச்சடிக்கும் ஆட்களின் காமிக்ஸ் எது வந்தாலும் அவர் இரண்டாக வாங்குவார். ஒன்று அலமாரிக்கு, மற்றது யாருக்காவது. ஞாயிற்றுக்கிழமை உபரிப் பிரதிகளை முன்னறை மேசையில் பரப்பி வைப்பார். ஊரில் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் வருவார்கள். ஆளின் முகத்தைப் பார்த்து இது உங்களுக்கானது என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். காசு வாங்கமாட்டார், நல்லா இருந்தா அடுத்தவருக்குக் கொடுங்க என்பார். ஆரம்பத்தில் படித்துவிட்டுத்தான் சொன்னார். புத்தகம் சேரச் சேர அட்டையைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர் கெட்டுப்போனதற்கு அதுதான் காரணம்.

இந்தப் புத்தகம் தபாலில் ஒற்றைப் பிரதியாக வந்தது. அட்டையில் கேள்விப்படாத புனைபெயர். இதன் ஜோடி ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் என்று நினைத்து, உபரியோடு உபரியாக மேசையில் வைத்து, ஒரு பஸ் டிரைவர் கையில் கொடுத்தார். இதை முடிக்கும்போது அழுகை வராவிட்டால் என்னை வந்து கேளுங்கள் என்று வேறு சொன்னார்.

வந்தவளின் மாவுக்கட்டில் மீசை வைத்த பல்லி ஒன்று கிறுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவருக்குப் பதினான்கு வயதில், மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட பத்து வயதுத் தங்கையின் மாவுக்கட்டில் அவரே போட்ட பல்லி அது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து சாயங்காலம் சாயங்காலம் அவளுக்குப் படக்கதை படித்துக் காட்டியவரும் அவர்தான். தங்கை இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து யாருக்கும் சொல்லாமல் நாலு வருஷம் அந்தப் புத்தகத்தை வரைந்திருக்கிறாள். பெயர் போடாவிட்டாலும் அண்ணனுக்குத் தெரிகிறதா பார்க்கலாம் என்று முதல் பிரதியை அனுப்பியிருக்கிறாள்.

அவர் டிரைவர் வீட்டுக்கு ஓடினார். பாதிக் கட்டங்களில் ஆளே இல்லை, அழுகையும் வரவில்லை, ஆனாலும் நீங்கள் சொன்னீர்களே என்று மைத்துனிக்குக் கொடுத்துவிட்டதாக டிரைவர் சொன்னார். மைத்துனி ஒரு டீச்சருக்குக் கொடுத்திருந்தாள். டீச்சரோ, அந்த வெறும் கட்டங்களில்தான் விஷயமே இருக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கினாரே தவிர, யாருக்குக் கொடுத்தார் என்பதை மறந்துபோயிருந்தார். அத்தோடு தடயம் அற்றுப்போனது.

தங்கை வாராவாரம் ஃபோன் செய்தாள். மழை, கரண்ட், முட்டை விலை எல்லாம் பேசினாள். புத்தகத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. ஃபோனை வைத்தபிறகு, மூட்டைமேல் இருப்பவளைச் சமாதானப்படுத்த அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் காட்டினார். அவள் மரியாதைக்கு நாலு பக்கம் கேட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வாள். இப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒருநாள் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மூட்டைமேல் இருந்தவளை வெகுநேரம் பார்த்தாள்.

“மூக்கு சரியா வரல” என்றாள்.

“படிக்காமலே கொடுத்துட்டேன்மா. நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டேன்.”

“தெரியும். கண்ணாடி மாத்த வந்த டீச்சரம்மா ஒருத்தங்க எனக்கே அத சிபாரிசு பண்ணாங்க. நீ சொன்னியாம்.”

டீச்சர் கொடுத்தது இவளிடம்தான். இரண்டு வருஷமாக எல்லாம் தெரிந்தேதான் முட்டை விலை பேசியிருக்கிறாள். அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“அடுத்த கஸ்டமருக்குக் கொடுத்துட்டேன். அழுகை வரலன்னா என்னை வந்து கேளுங்கன்னு சொல்லி.”

வேறு பிரதி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இவளையாவது கூட்டிக்கொண்டு போகிறாயா என்றார். அவ உன்னைத் தேடித்தானே வந்தா என்று சொல்லிவிட்டு, தங்கை காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். அடுத்த வாரம் வழக்கம்போல ஃபோன் செய்தாள்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றார் பல் செட் செய்பவர். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உறவு என்ன என்றார். தங்கச்சி என்றார் இவர். வந்தவர் தங்கை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.