ரத்தினம்மாவின் மூச்சும் இரண்டு சொடுக்கும்

1961ஆம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டன்லப் சாலைப் பட்டறையில் ஜமால் முகம்மது ஒரு ஜெர்மன் பந்தயக் காரின் பெட்ரோல் பம்பை இரண்டு சொடுக்கு குறைத்தபோது, பக்கத்து மிளகாய் மில் ரத்தினம்மாவின் பதினோரு வருட மூச்சிழுப்பு நின்றது. கார் காத்தோங்கில் குடியிருந்த வக்கீல் தங்கராஜுவுடையது, ஏழு வருடப் பழசு. கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை ஊசி போடுவதுபோல் இஞ்சினுக்குள் பீய்ச்சும் ஜாதி. பெரிய பட்டறைகள் கம்பெனிப் புத்தகத்தில் போட்டபடி திருப்பிக் கரும்புகையைத்தான் கண்டன. புத்தகம் குளிர்நாட்டுக் காற்றுக்கு எழுதியது. நம் ஊர்க் காற்றோ பிழியாத ஈரத் துணி. ஜமால் புத்தகத்தைத் தொடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். கரியென்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பென்றால் குறைவு, மாரி பிஸ்கட் நிறமென்றால் சரி. பம்பின் முதுகில் சொடுக்குச் சொடுக்காகத் திரும்பும் குமிழை இஞ்சினை அணைத்த பிறகுதான் திருப்ப வேண்டும். ஓடும்போது கை வைத்தால் பம்ப் பாழ். ஜமாலின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

சந்தேகப்பட்டவர்கள் சோதித்தும் பார்த்தார்கள். இரண்டு சொடுக்கு ஏற்றினால் இழுப்பு வந்தது, குறைத்தால் போனது. கார் பல மைல் தள்ளித் தெம்பனிஸ் பக்கம் நின்றாலும் அதே கதைதான். தெரு அதை ஒப்புக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

செப்டம்பரில் தாம்சன் சாலைப் பந்தயம் வந்தது. தங்கராஜு ஐந்து வருடமாகக் கனவு கண்ட பந்தயம். மேட்டில் இழுவை வேண்டும், அதற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும்.

“இரண்டு சொடுக்கு ஏத்துங்க பாய்.”

“முடியாது லாயர் சார். அந்தம்மா மூச்சு நின்னு போயிடும்.”

“கார் என் பேர்ல இருக்கா, அவங்க பேர்லயா?”

வக்கீல் அல்லவா, கேள்வி சரியாகத்தான் இருந்தது. மில்லிலிருந்து மிளகாய்த் தூள் கையோடு ரத்தினம்மா வந்தாள். “ஏத்துங்க பாய். பதினோரு வருஷம் இழுத்தவ ஒரு மணி நேரம் இழுக்க மாட்டேனா? சார் ஆசைப்படறாரு லா.” பந்தயத்தன்று காலை ஜமால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றினார்.

விட்டுப்போன இழுப்பு வட்டியோடு வந்தது. ஜமால் பந்தயத்துக்குப் போகாமல், முக்காலியில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மாவுக்குச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அங்கே ஒன்பதாவது சுற்றில் தங்கராஜு முதல் ஆளாக வந்துகொண்டிருந்தார். காட்டு வளைவில் இஞ்சின் சத்தத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் இழுப்பு கேட்டது என்று பிறகு சொன்னார். கேட்டிருக்கும். இன்னும் ஒரு சுற்று பொறுக்கலாமா என்று யோசித்ததையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை. மரத்தடியில் ஒதுக்கி இஞ்சினை அணைத்தார். அதுவரை ஸ்பானர்கூடப் பிடிக்காத மனிதர், கொதிக்கும் இரும்புக்குள் கைவிட்டுத் தடவிக் குமிழைக் கண்டுபிடித்தார். உள்ளங்கை வெந்தது. இரண்டு சொடுக்கு குறைத்து மறுபடி கிளப்புவதற்குள் எல்லாக் கார்களும் அவரைத் தாண்டியிருந்தன.

டன்லப் சாலையில் ரத்தினம்மா நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். “சார் நிறுத்திட்டாரு பாய்,” என்றாள். ஜமால் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கடைசியாக வந்த காருக்கு நேரே நடுவர்கள் ‘எரிபொருள் கோளாறு’ என்று எழுதிக்கொண்டார்கள். அதன்பின் தங்கராஜு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, பிளக்கின் நிறத்தைத் தானே பார்ப்பார். பிறகு மில் வாசலில் நின்று, “மூச்சு எப்படி இருக்கும்மா?” என்று கேட்பார். அவள் அரைப்பதை நிறுத்தாமலே தலையாட்டுவாள். அவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.