முதல் மேஜை

பள்ளியின் வருடாந்தர விருந்து. மண்டப வாசலில் ஒரு பலகை. யாருக்கு எந்த மேஜை என்று அதில் ஒட்டியிருந்தார்கள். நான் கீழேயிருந்து மேலே தேடினேன். வெளிநாட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்குத் தன் பெயரைக் கடைசியிலிருந்து தேடும் பழக்கம் தானாக வந்துவிடும். கடைசி மேஜையில் இல்லை, அதற்கு முந்தையதிலும் இல்லை. முதல் மேஜையில் இருந்தது, தலைமையாசிரியைக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன். தலைமையாசிரியை என்னோடு பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள் என்பதுதான். போன வருட விருந்துக்குக் காய்ச்சலால் போகவில்லை. அதனால் இங்கே யாரை எங்கே உட்காரவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களாம்! அந்த வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

விஷயம் இதுதான். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் மனைவியையும் மகளையும் கூட்டிவர அனுமதி கிடைக்கும். கடிதம் திங்கட்கிழமை வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மனைவி ஊரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். ராஜினாமா கொடுக்க அவளுக்கு அன்று, வெள்ளிக்கிழமை, ஐந்து மணிதான் கடைசி. விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் வாங்குவார்கள். அதற்குள் மகளுக்கு இங்கே பள்ளியில் இடம் போய்விடும். ஒரு வாரமாக ராஜினாமாக் கடிதம் அவள் கைப்பையில் கிடந்தது. ஒப்பந்தம் கைக்கு வராமல் கொடுக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லி, காலையில்கூட அவளை அழவைத்தவன் நான்தான்.

இங்கே ஏழு, அங்கே நாலரை. பலகையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"பார்த்தியா? முதல் மேஜை. அந்தம்மா பக்கத்துல."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன? வேண்டாதவனையா பக்கத்துல உக்கார வெப்பாங்க?"

அவளுக்குப் பின்னால் லேபில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. கொடுத்துடவா?"

"கொடுத்துடு" என்றேன். கணக்கு வாத்தியார். விடை வரும் முன்னால் விடையை எழுதாதே என்று பிள்ளைகளின் காதைத் திருகுகிறவன்.

முதல் மேஜையில் எனக்குப் பக்கத்தில் நூலகத்து அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெறும் வயது. "ஊருக்குப் போறதுல சந்தோஷமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விடுமுறையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ரொம்ப" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். மேடையோரம் மூன்று சிவப்புப் பெட்டிகள், சக்கரம் வைத்தவை, ரிப்பன் கட்டி வரிசையாக நின்றன. குலுக்கல் பரிசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கழிப்பறைக் கதவை ஒட்டிய கடைசி மேஜையிலிருந்து கெமிஸ்ட்ரி அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள், ஒன்பது வருடமாக அங்கேயே குப்பை கொட்டுகிறவர். முகம் ஒரு மாதிரி இருந்தது. வெளியே வருமாறு கையைக் காட்டினார். நான் பார்க்காததுபோல் தண்ணீர் குடித்தேன். போனில் அவருடைய செய்தி வந்தது: 'ஒரு நிமிஷம் வெளிய வாங்க தம்பி, அவசரம்.' ஒன்பது வருடமாகக் கழிப்பறைக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு வயிறு எரியத்தானே செய்யும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தலைமையாசிரியை எழுந்து பேசினார். என்னைப் பற்றித்தான் முதலில். மழை நாளில்கூட ஒரு வகுப்பு தவறியதில்லை என்றார். மதிய இடைவேளையில் நான்கு பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. போய்ப் பரிசை வாங்கினேன், அந்தச் சிவப்புப் பெட்டிகளில் ஒன்றை. இரண்டாவது நூலகத்து அம்மாளுக்கு. மூன்றாவது, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற விளையாட்டு ஆசிரியைக்கு.

பெட்டி வாங்கிய மற்ற இருவரையும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

பெட்டியை உருட்டிக்கொண்டு படியிறங்கும்போது கெமிஸ்ட்ரி அண்ணன் முழங்கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துப் போனார்.

"யாரும் சொல்லலியா உங்களுக்கு?"

"என்ன சொல்லணும்?"

"இங்க இருக்கறவங்கள யாரும் மேடையில புகழ மாட்டாங்க தம்பி. போறவங்களத்தான். முதல் மேஜைன்னாலே அதான். விருந்து கெட்டுடக் கூடாதுன்னு லெட்டரை மட்டும் திங்கட்கிழமை தருவாங்க. ஒன்பது வருஷமா அந்தப் பலகையில என் பேரு மேல ஏறிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வர்றேன்."

நான் மனைவியை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தேன். அங்கே ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எடுடி, எடுடி என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்றாவது முறை அழைக்கும் முன்னால் அவளே வீடியோவில் வந்தாள். மடியில் மகள். பள்ளி விட்டதும் அவள் நேராக லேபுக்கு வந்துவிடுவாள்.

"கொடுத்துட்டேங்க! கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க. என் இடத்துக்கு ஒரு பொண்ணு ரெடியாவே இருந்திருக்கா, அப்பவே அவளுக்கு போன் பண்ணி வரச் சொல்லிட்டாங்க. எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க தெரியுமா? பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் நல்லா வேலை பார்த்தேன்னு சொல்றாங்க."

அவள் சிரித்தாள். இரண்டு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் சம்பாத்தியம், அவள் நாற்காலி, பன்னிரண்டு வருடத்து மரியாதை எல்லாவற்றையும் ஒரு பலகையைப் பார்த்துவிட்டு நாசமாக்கியவன் நான்.

"அப்பா, அது என்ன பெட்டி?" என்றாள் மகள்.

"பள்ளிக்கூடத்துல கொடுத்தாங்கம்மா."

"பாத்தீங்களா, எங்கள கூட்டிட்டுப் போக பெட்டி கூட கொடுத்திருக்காங்க" என்றாள் மனைவி.

"என் பொம்மையெல்லாம் அதுல கொள்ளுமா?"

"கொள்ளும்."

மண்டபக் கதவைத் திறந்து நூலகத்து அம்மாள் தலையை நீட்டினார். போட்டோவுக்குக் காத்திருக்கிறார்களாம், பெட்டியோடு வரவேண்டுமாம். போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். தலைமையாசிரியை என் தோளில் கை வைத்தார். போட்டோக்காரர் பல் தெரியச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

கூட்டம் ஒரு நொடி அமைதியானது. அண்ணன் தூக்கிப் பிடித்திருந்த போனிலிருந்து மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாருடி, அப்பா முகத்துல எவ்வளவு சந்தோஷம்."