பராக்காவுக்குக் கொடுத்த வேஷம்

சரவணம்பட்டிப் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளி நாடகம் என்றால் அமிர்தநாதன்தான். யாருக்கு என்ன வேஷம் என்று அவர்தான் முடிவு செய்வார். இந்த வருஷம், ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த சீமோனாகப் பராக்காவை நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தான்சானியாவிலிருந்து இங்கே காலேஜுக்கு வந்து, இந்த ஊர்த் தமிழையே பேசப் பழகியவன் பராக்கா. பூசை முடிந்தால் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்புவான். அவன் அப்பா அங்கே ஒரு கிராமத்துக் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். மகன் சிலுவை சுமப்பதைப் போனில் பார்க்க ஊரையே அழைத்திருந்தார்.

ஒத்திகைக்குப் பங்குப் பேரவைச் செயலாளர் ஜோஸ் வந்தார்.

“சீமோனா எம்பையன் நிக்கட்டுங்க. இவனைச் சாத்தானாப் போட்டுருங்க. மை பூசற வேலையாச்சும் மிச்சமாகுமல்லங்க!”

சுற்றி நின்றவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அமிர்தநாதன் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? அவருடைய அப்பனையும் ஆத்தாளையும் இதே கோயிலில் சாதி பார்த்துக் கடைசியில் உட்காரவைத்தவர்கள்தானே இவர்கள்! அவர் சனத்துக்குப் பேரவையில் இடம் கிடைத்ததே இப்போதுதான். அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று மென்று முழுங்கிவிட்டார், பாவி மனுசன்.

பராக்காவிடம் சொல்லும்போது அவன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

“வேண்டாம்னா சொல்லிரு கண்ணு.”

“வாரேன்னு சொல்லிப்போட்டேனுங்க. நான் வரலீன்னா நாடகம் கெட்டுப்போகுமுங்க,” என்றான் பராக்கா. “ஒரு முகமூடி மட்டும் குடுங்க.”

மை வேண்டாத முகம் என்று சிரித்தார்களே, அந்த முகத்துக்கு முகமூடி கேட்டான்.

பெரிய வெள்ளியன்று போனை அவரிடம் கொடுத்தான்.

“அப்பா கூப்பிட்டா எடுக்காதீங்க. நாளைக்கு நானே சொல்லிக்கறேனுங்க.”

நாடக ஊர்வலம் தெருவில் இறங்கியதும் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. தாங்கமாட்டாமல் எடுத்துவிட்டார். திரை முழுக்க ஜனம். முன்னால் வெள்ளைச் சட்டையில் அந்த அப்பா.

“என் மகன் எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

அமிர்தநாதன் போனைத் தெருப்பக்கம் திருப்பினார். பிள்ளைகள் சாத்தானைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஒருத்தன் தண்ணீர் பாட்டிலை வீசினான். பின்னாலேயே ஜோஸின் மகன் சிலுவையோடு வந்தான்.

“இது என் மகன் இல்லையே?”

“வருவான்,” என்றார் தெரிந்த இங்கிலீஷில், பெரிய வெள்ளியும் அதுவுமாகப் பொய்.

அந்த அப்பா முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“முகமூடி போட்டவர். அந்த நடை என் மகனுடையது.”

பின்னால் நின்றவர்களும் திரையை எட்டிப் பார்த்தார்கள். அவர் கண் கலங்கியது.

“கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறானா?”

அமிர்தநாதனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் இங்கிலீஷ் எங்கே வரும்?

“அவன் செய்யறானுங்க. நாங்கதான் செய்யலீங்க.”

அந்தத் தமிழ் அவருக்குப் புரியவில்லை. மகனைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி என்று சொல்லிக் கைகூப்பினார்.