வீட்டுக்கு மட்டும் காட்டாத விளம்பரம்

மாடிக்காரிக்கும் கீழ்வீட்டுக்காரிக்கும் ஆகாது என்பது தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். மாடியில் அண்ணன் மனைவி, கீழே தம்பி மனைவி. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே இணைய இணைப்பு. இத்தனையும் பொதுவாக இருப்பது போதாதென்று தொழிலையுமா ஒன்றாக வைத்துக்கொள்வார்கள்? வைத்துக்கொண்டார்கள். மாடிக்காரி மேட்டுக் கல்லூரிக்கு இணையதளம் செய்து, போனிலும் கணினியிலும் விளம்பரம் ஓட்டுகிறவள். கீழ்வீட்டுக்காரி கல்யாணமாகி வந்து மூத்தவளிடமே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் பாலத்துக் கல்லூரிக்குப் போய் அதே வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் போனில் முக்கியமான செய்தி வந்துவிடும்.

புருஷன்மார் இருவரும் பாவம். சத்தம் கிளம்பினால் டிவி ஒலியைக் கூட்டுவதோடு அவர்கள் கடமை முடிந்தது.

போன சேர்க்கைப் பருவத்தில்தான் மாடிக்காரிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவளுடைய விளம்பரத்தை யாரோ திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள். தட்டுகிறார்களே ஒழிய விண்ணப்பம் போடவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் மேட்டுக் கல்லூரியின் பை கொஞ்சம் இளைக்கும். அன்றைய ஒதுக்கீடு மதியத்துக்குள் தீர்ந்துபோகும். மாலையில் பிள்ளைகள் போனை எடுக்கும் நேரத்தில் பாலத்துக் கல்லூரி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். எங்கிருந்து தட்டுகிறார்கள் என்று தோண்டிப் பார்த்தால், தன் வீட்டு இணைப்பிலிருந்தே! கீழே உட்கார்ந்து காபி குடித்தபடி ஒருத்தி தட்டித் தள்ளியிருக்கிறாள்.

போய்ச் சட்டையைப் பிடிக்கவில்லை மாடிக்காரி. வேலை தெரிந்தவளாயிற்றே, வேலையிலேயே பதில் சொன்னாள். தன் வீட்டு இணைப்பு முழுவதையும் விளம்பரத்திலிருந்து விலக்கி வைத்தாள். இனி அந்த வீட்டில் எந்தப் போனைத் திறந்தாலும் மேட்டுக் கல்லூரி கண்ணில் படாது. “தட்டு பார்க்கலாம், காத்தைத் தட்டு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அந்த வீட்டிலேயே பதினேழு வயதில் தனக்கு ஒரு மகள் இருப்பதும், போனுக்கு டேட்டா போட்டுக் கொடுக்காமல் வீட்டு இணைப்பிலேயே அவளை ஓட்டச் சொல்லியிருப்பதும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் மேட்டுக் கல்லூரித் தாளாளர் அவளிடம் கேட்டிருந்ததே அந்த மகளைத்தான். தாளாளர் சிமென்ட் வியாபாரத்திலிருந்து கல்விக்கு வந்தவர். இன்னும் மாணவர்களை லோடு என்றுதான் சொல்வார். “இந்த வருஷம் லோடு கம்மியாம்மா. புது வெப்சைட்டுல முதல் பக்கத்துல உங்களையும் உங்க பொண்ணையும் போடுங்க. ‘விளம்பரம் செய்யும் தாயே தன் மகளைச் சேர்த்த கல்லூரி’. எப்படி? நீங்களே சேர்க்கலைன்னா ஊர்ல எவன் சேர்ப்பான்? அது நடந்தாத்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம்.”

“நடந்த மாதிரிதான் சார்,” என்றாள் மாடிக்காரி. மகளைக் கேட்கவில்லை. பெற்றவளுக்கு அதையெல்லாம் கேட்க வேண்டுமா?

ஆனால் பெற்றவள் இன்னொன்று செய்துகொண்டிருந்தாள். தினமும் மாலையில் சாப்பாட்டு மேசையில் மேட்டுக் கல்லூரியைப் பிய்த்து எறிவாள். லேப் என்று ஒரு அறை, உள்ளே பூட்டுத்தான் புதுசு. கணக்கு வாத்தியார் பாதியில் போய்விட்டார், அவர் படத்தை மட்டும் தளத்திலிருந்து எடுக்கக் கூடாதாம். விடுதிக் குழாயில் காலையில் வருவது காற்று. மகள் தலையைக் குனிந்து சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள். போனில் பாலத்துக் கல்லூரி சிரிக்கும். மரத்தடியில் புத்தகத்தோடு பெண்கள், கண்ணாடி நூலகம், நீலமாய் ஒரு நீச்சல் குளம். கீழ்வீட்டுக்காரி கெட்டிக்காரி. தன் கல்லூரியைப் பற்றி வீட்டில் மூச்சு விடமாட்டாள்.

எதிராளியின் பக்கத்தை வேவு பார்ப்பது மாடிக்காரியின் காலைக் கடமை. ஒரு நாள் அலுவலகத்தில் டீ ஆறுவதற்குள் பாலத்துக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தாள். புது விளம்பரம். ‘எங்கள் குடும்பத்தில் இணைந்தார்’ என்று கொட்டை எழுத்து. அடியில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பூங்கொத்து.

அவள் மகள்.

டீயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கேட்டைத் திறந்த வேகத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்துகொண்டன. கீழ்வீட்டுக்காரி படிக்கட்டின் முதல் படியிலேயே நின்றாள், காத்திருந்தவள் மாதிரி.

“என்ன அக்கா, சீக்கிரமே வந்துட்டீங்க? லோடு இல்லையா?”

“எம் பொண்ணோட போட்டோவை எடுத்துப் போட உனக்கு எவ்ளோ தைரியம்டீ?”

“நான் எங்க எடுத்தேன்? அவளே ஃபார்ம் போட்டா, அவளே வந்து நின்னா. சேர்ந்த புள்ளைங்க எல்லாரையும்தான் போடுறோம். உங்க வீட்டுப் பொண்ணுன்னு தனியா ஒதுக்கி வைக்க முடியுமா? அவ மனசு கஷ்டப்படாது?”

“ஆகா, அம்மா தாயே, உன் மனசு! எங்கிட்ட மவுஸ் பிடிக்கக் கத்துக்கிட்டு எனக்கே குழி வெட்டுற மனசு!”

சத்தம் கேட்டு மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். உள்ளே இரண்டு வீட்டு டிவிச் சத்தமும் ஒரே நேரத்தில் உயர்ந்தது.

“எதைப் பார்த்துடீ அங்க போன?” என்று மாடிக்காரி மகள் பக்கம் திரும்பினாள். “இந்த லைப்ரரியப் பார்த்தா? இது இவங்க லைப்ரரியே இல்ல. காசு குடுத்து வாங்குற படம். எந்த நாட்டுல இருக்கோ! நானே இதைப் போன வருஷம் எங்க காலேஜுக்கு வாங்கிப் போட்டிருந்தேன். இவ வானத்தை மட்டும் மாத்திப் போட்டிருக்கா.”

“அப்போ உங்க காலேஜுக்கும் அதே லைப்ரரிதானா அக்கா?” கீழ்வீட்டுக்காரி சிரித்தாள். “பாப்பா, உங்கம்மா பேஜ்ல கண்ணாடி போட்டு ஒரு புரொஃபசர் நிக்கிறாரே, அவரு ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரத்துலயும் நிக்கிறாரு. காலையில பாடம், சாயங்காலம் பல்லு போல.”

“உன் நீச்சல் குளத்துல தண்ணி இருக்கா?”

“குளமே இல்ல, தண்ணிக்கு எங்க போக? உங்க நூறு சதவீதம் வேலைவாய்ப்பு இருக்கே, அதுல உங்க தாளாளரோட சிமென்ட் குடோன்ல மூட்டை எண்ணுறவங்களும் சேர்த்தியா?”

இப்படியே ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார்கள். பூசணித் தோட்டத்தில் ஆடு புகுந்த மாதிரி இரண்டு கல்லூரிகளும் தரைமட்டமாகும்வரை மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் கடைசியில். “ரெண்டு பேரும் பொய் சொல்றீங்கன்னு புரியுது. ஆனா ம்மா, சித்தி காலேஜைப் பத்தி நல்லதா நாலு பொய்யாவது எனக்குத் தெரியும். உன் காலேஜைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ சொன்ன உண்மைதான். உன் விளம்பரம் ஒண்ணுகூட எனக்கு வரல. ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் காட்டுற, எனக்குக் காட்டத் தோணலையா?”

மாடிக்காரி வாயைத் திறந்தாள். விலக்கி வைத்த இணைப்பு அப்போதுதான் உறைத்தது. அதைச் சொன்னால் எதற்காக விலக்கினாள் என்றும் சொல்ல வேண்டும். கீழே நிற்பவள் அதைக் கேட்டு மனம் குளிர்ந்து போவாள். பேச்சை மாற்றினாள்.

“நீ அங்க படிக்க வேண்டாம். நான் சொல்றேன்.”

“அப்பா ஃபீஸ் கட்டிட்டாரு.”

மேலே டிவி சட்டென்று அணைந்தது. அணைத்தவர் வெளியே வரவில்லை.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் கல்லூரியின் சின்னம் பொறித்த பேனா ஸ்டாண்டும், அதன் பக்கத்தில் இன்னும் ஒரு சிமென்ட் கம்பெனி காலண்டரும் இருக்கும். உட்காரச் சொல்லவில்லை. போனைத் திருப்பி அவள் முன்னால் தள்ளினார். பூங்கொத்தோடு மகள் சிரித்தாள்.

“இது உங்க பொண்ணுதானே?”

“ஆமா சார். வீட்டுல ஒரு சின்னக் குழப்பம். ரெண்டு நாள்ல நான்...”

“குழப்பம் இருக்கட்டும்மா. நான் நேத்துலேர்ந்து இதைத்தான் பார்த்துட்டு இருக்கேன்.” அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. மாறாக, நல்ல லாரி ஒன்றை அடுத்தவன் வாசலில் பார்த்தவரின் ஆசை இருந்தது. “ஊர்ல உள்ள பொண்ணைப் பிடிக்கிறது பெரிய வித்தை இல்ல. உங்க வீட்டுக்குள்ளயே புகுந்து உங்க பொண்ணையே தூக்கியிருக்காங்க பாருங்க, அது வேலை! யாரு இதைப் பண்றது?”

“தெரியல சார். ஏதோ ஏஜென்சி.”

“உங்க ஓரகத்தின்னு சொல்றாங்களே?”

மாடிக்காரிக்குக் காது சூடானது. ஊரில் எவளுக்கும் வேறு வேலையில்லை.

“அவங்களைக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருக்கேன்,” என்றார் தாளாளர். “உங்களை விடமாட்டேன், பயப்படாதீங்க. அவங்க தலைமை தாங்கட்டும், நீங்க கூட இருந்து உதவி பண்ணுங்க. ஒரே வீடு, பெட்ரோல் செலவும் மிச்சம்.”

தன்னிடம் மவுஸ் பிடிக்கக் கற்றவள் சொல்வதைக் கேட்டு, அவள் கேட்கும் வண்ணத்தில் பட்டன் வரைந்து கொடுத்து, படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் வேறு வைக்க வேண்டும். மாடிக்காரி பையைத் தோளில் மாட்டினாள்.

“அதுக்கு வேற ஆளைப் பாருங்க சார். நான் வர்றேன்.”

“கோபப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டேன்.”

“சரி, போறது போறீங்க, அவங்க நம்பரையாவது குடுத்துட்டுப் போங்க.”

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் அவ்வளவு பணிவாக நின்றதில்லை. ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஐந்து வர வேண்டிய ஓரிடத்தில் மட்டும் எட்டு என்றாள். தாளாளர் எழுதி முடித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினார்.

“சரியா இருக்கு சார்,” என்றாள் மாடிக்காரி. “உடனே எடுக்க மாட்டா. விடாம அடிச்சுக்கிட்டே இருங்க.”