எழுபத்து நாலு

"டிவில உன் நம்பரு வந்துச்சு. என்னடா தப்பு பண்ணின?"

பதினோரு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா போனில் பேசும் முதல் வார்த்தை இதுதான். சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு, நேரம் இருந்தால்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்க ஃபுட்பால் அணியில் நான் லைன்மேன். குவாட்டர்பேக் என்கிற மகாராஜா நின்று நிதானித்துப் பந்தை எறியும்வரை, அவன்மேல் பாய வருகிற தடியர்களை நெஞ்சால் தடுப்பது என் உத்தியோகம். எறிந்த பந்தைப் பிடிக்க எனக்கு உரிமை கிடையாது. விதியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஒழுங்காகத் தடுத்தால் ஒரு ஈ காக்கைகூட என்னைப் பார்க்காது. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தாலோ, பந்து நகரும் முன் நான் அசைந்தாலோ நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். அப்புறம் ஒலிபெருக்கியில் எழுபதாயிரம் பேருக்கும் சொல்வார்: குற்றவாளி, எழுபத்து நாலு. என் சட்டையில் இருக்கிற எண்.

எங்கள் மகாராஜாவின் பெயர் பிரைஸ். ஷாம்பூ விளம்பரத்தில் வருகிறவன். அவன் தலைமுடி கலையாமல் இருப்பதற்காக என் முழங்காலை இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். நன்றி கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு லைன்மேன்களுக்குப் பரிசு தருவது குவாட்டர்பேக்குகளின் வழக்கம். போன வருடம் ஆளுக்கொரு இறைச்சி சுடும் அடுப்பு தந்தான். நூற்று நாற்பத்தைந்து கிலோ மனிதனின் உடல்நலத்தில் இத்தனை அக்கறை யாருக்கு வரும்?

அப்பா ஆர்வின், வடக்கு விஸ்கான்சினில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் பாரில் அவருக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். என் எண் அறிவிக்கப்பட்டால், அங்கிருக்கும் எல்லோருக்கும் அவர் பீர் வாங்கித் தர வேண்டும். அப்பாவும் மறுபேச்சில்லாமல் எழுந்து போய் வாங்கித் தருவார். ஊர்க்காரர்கள் என் ஆட்டத்தை அவ்வளவு ஆர்வமாகப் பார்த்ததன் ரகசியம் அதுதான்.

இந்த வருடத்தோடு போதும் என்று அணியின் மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். என் சேவையை ஒருநாளும் மறக்க மாட்டார்களாம். பேசி முடிக்கும்வரை என்னை வேறொருவன் பெயரால்தான் அழைத்தார்.

போவதற்கு முன் எனக்கு ஒரே ஆசை. என் எண்ணை நல்ல காரியத்துக்காக ஒருமுறை அப்பா காதால் கேட்க வேண்டும். கூச்சத்தை விட்டுப் பயிற்சியாளர் நார்பெர்ட்டிடம் கேட்டேன். அவர் என் முழங்காலையும் என் முகத்தையும் பார்த்தார். கடைசி ஆட்டத்தில் நாம் நன்றாக முந்தியிருந்து, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு இரண்டு கெஜம் மிச்சமிருந்தால் ஒரு பந்து எனக்கு என்றார்.

அதற்கும் ஒரு சடங்கு உண்டு. லைன்மேன் பந்தைப் பிடிக்கப் போவதானால் முதலில் நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் அதை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். திருடப் போகிறவன் தெருவில் தமுக்கடித்துவிட்டுப் போகிற மாதிரி.

அப்பா அதுவரை மைதானத்துக்கு வந்ததே இல்லை. டிவியில் தெரியாதவன் அங்கே மட்டும் தெரிவானா என்பது அவர் வாதம். கெஞ்சி வரவழைத்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை, திடீரென்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எல்லைக் கோட்டுக்குப் பின்னால் பன்னிரண்டாவது வரிசையில் அப்பாவின் இடம். மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு கோட்டில் வந்திருந்தார், எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தார். ஆட்டத்தின் நான்காவது, கடைசிப் பாகத்தில் அந்த இரண்டு கெஜம் வாய்த்தது. நடுவரிடம் போய்ச் சொன்னேன். அறிவிப்பு வந்தது. "எழுபத்து நாலு, பந்தைப் பிடிக்கலாம்."

குனிந்து இடத்தில் நின்றபடி அண்ணாந்து பார்த்தேன். எழுபத்து நாலு என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆரஞ்சு கோட்டு எழுந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது. அக்கம்பக்கத்தாரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படியில் இறங்கி உள்ளே போனது.

பீர் வாங்கப் போகிறார்.

கத்திக் கூப்பிடலாம், கையை ஆட்டலாம். ஆனால் பந்து நகரும் முன் நான் அசைந்தால் அது குற்றம். அசையாமல் நின்றேன். பிரைஸ் எறிந்தான். பந்து என் வயிற்றில் வந்து விழுந்தது, கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிச் சரிந்தேன். டச்டவுன், ஆறு புள்ளி. எழுபதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். பன்னிரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

பிறகு நடந்ததைப் பக்கத்து நாற்காலிப் பெண்மணிதான் எனக்குச் சொன்னாள். அப்பா எட்டு கோப்பைகளோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்திருக்கிறார். எல்லோரும் முதுகில் தட்டியதும், ஊர் பாரில் செய்கிற அதே கேலி என்று நினைத்து, பையன் நல்லவன்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பீர் கொடுத்திருக்கிறார்.

வண்டி நிறுத்துமிடத்தில் அந்தப் பந்தை அவர் கையில் கொடுத்தேன்.

"எத்தன கெஜம் அபராதம் போட்டாங்க?" என்றார்.

"அப்பா, நான் டச்டவுன் போட்டேன்."

"வயசானவன நீயுமாடா கேலி பண்ற?"

பந்தை வண்டியின் பின்சீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினோரு வருடம் உடம்பைக் கொடுத்து வாங்கிய ஒரு நொடி, பீர் வரிசையில் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் முழங்காலில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பின்னால் பாரின் இரைச்சல்.

"டிவில உன் நம்பரு வந்துச்சு" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"ஒன்பது தடவ திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தேன், நீ எங்க தப்பு பண்ணினன்னு" என்றார். "ஒண்ணும் அகப்படலடா."